சுறாவுக்குப் புலி என்று பெயர் வைத்த கதை

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். மேசை தெரிகிறதா? சரி.

இது இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி-40 போர் விமானத்தின் மாடல். நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. மூன்று வாரமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, மேலே பச்சையும் பழுப்பும் கீழே வெளிர் சாம்பலும் அடித்து முடித்தாயிற்று. இறக்கையில் இந்த நீல வட்டம், அதற்குள் பன்னிரண்டு கதிர் உள்ள வெள்ளைச் சூரியன், இது அன்றைய சீனக் குடியரசின் சின்னம். மிச்சம் இருப்பது மூக்கு மட்டும்தான். அதாவது, அந்த வாய்.

பெட்டிக்குள்ளேயே சுறா வாய் ஸ்டிக்கர் வந்திருக்கிறது. தண்ணீரில் நனைத்து ஒட்டினால் பத்து நிமிட வேலை. ஆனால் நான் அதை ஒட்டப் போவதில்லை, கையால் வரையப் போகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இன்றைக்குக் கேமராவை ஆன் செய்தேன். இந்த வாய் எங்கிருந்து எங்கே போனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் விமானத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் இருந்த கர்டிஸ் கம்பெனி செய்தது இது. வடிவமைத்தவர் டொனோவன் பெர்லின். முற்றிலும் புதிய விமானம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே அவர்களிடம் பி-36 ஹாக் என்று ஒன்று இருந்தது, அதற்கு மொத்தையான வட்ட மூக்கு. அந்த உடம்பில் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, அலிசன் கம்பெனியின் நீளமான பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். 1938 அக்டோபர் 14 அன்று முதல் முறையாகப் பறந்தது.

இங்கே ஒரு விஷயம். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ரேடியேட்டர் தேவையில்லை. இந்த அலிசன் திரவத்தால் குளிர்வது, அதனால் கண்டிப்பாக ரேடியேட்டர் வேண்டும். முதல் விமானத்தில் அதை வயிற்றுக்கு அடியில், இறக்கைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். எதிர்பார்த்த வேகம் வரவில்லை. 1939 மார்ச் கடைசியில் விமானத்தை வர்ஜீனியாவில் இருக்கும் லாங்லி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், பெரிய காற்றுச் சுரங்கத்துக்குள் நிறுத்தி இரண்டு வாரம் சோதித்தார்கள். அதில் கிடைத்த கணக்கை வைத்துக்கொண்டு ரேடியேட்டரை முன்னால், மூக்குக்கு அடியில், தாடை இருக்கும் இடத்துக்கு நகர்த்தினார்கள். இன்னும் சில திருத்தங்களும் சேர்ந்து வேகம் கூடியது. ராணுவமும் 524 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது.

இதோ பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். இந்தத் திறப்பு. காற்று உள்ளே போவதற்கான வழி, அவ்வளவுதான். ஆனால் எப்படிப் பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு வருகிற மாதிரியே இருக்கிறது இல்லையா? அந்த ரேடியேட்டர் வயிற்றிலேயே இருந்திருந்தால் நான் சொல்லப் போகும் கதையில் பாதி நடந்திருக்காது. காற்றுச் சுரங்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட யாருக்கும் சுறா நினைவுக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம், இந்த விமானத்துக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அலிசன் இன்ஜினில் இருந்த சூப்பர்சார்ஜர், அதாவது காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கருவி, ஒற்றை அடுக்கு. 15,000 அடிக்கு மேலே போனால் மூச்சு வாங்கும். ஐரோப்பாவில் சண்டை அதற்கும் மேலே நடந்துகொண்டிருந்தது. அதனால் பிரிட்டிஷ் விமானப்படை தனக்கு வந்த பி-40-களுக்கு டோமஹாக் என்று பெயர் வைத்து, இங்கிலாந்துக்கு மேல் நடக்கும் சண்டைக்கு இவை சரிப்படாது என்று ஒதுக்கி, எகிப்துப் பாலைவனத்துக்கு அனுப்பியது. அங்கே சண்டை தாழ்வாக நடக்கும், அங்கே இது போதும் என்ற கணக்கு. அப்படி ஒதுக்கப்பட்ட விமானத்துக்குத்தான் உலகத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற முகம் கிடைத்தது.

ஆனால் அந்த முகம் முதலில் இதனுடையது இல்லை. ஜெர்மனியுடையது.

ஜெர்மன் விமானப்படையில் 76-ஆவது கனரகப் போர் விமானப் பிரிவு என்று ஒன்று. அதன் இரண்டாவது குழு இரட்டை இன்ஜின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 ஓட்டியது. 1940-இலேயே மூக்கில் பெரிய சுறா வாய் வரைந்து, தங்களைச் சுறாக் குழு என்றே சொல்லிக்கொண்டார்கள். 1941 மே மாதம் கிரீட் தீவின் மேல் அவர்கள் பறந்தார்கள். அதே மாதம் ஈராக்கில் பிரிட்டனுக்கு எதிராக எழுந்த அரசுக்கு உதவப் போன சில விமானங்கள், ஜெர்மன் சின்னத்தை அழித்துவிட்டு ஈராக் சின்னம் போட்டுக்கொண்டு மோசூலில் இறங்கின. சுறா வாயை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாட்டின் சின்னத்தை மாற்றிவிட்டார்கள், பல்லை விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் கிரீஸிலும் கிரீட்டிலும் பழைய இரட்டை இறக்கை கிளாடியேட்டர் விமானங்களோடு திண்டாடிக்கொண்டிருந்தது பிரிட்டனின் 112-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவு. தோற்றுப் பின்வாங்கி எகிப்து வந்த பிறகு அவர்களுக்கு டோமஹாக் கிடைத்தது. புது விமானத்தின் மூக்கைப் பார்த்திருக்கிறார்கள், எதிரி விமானத்தின் வாயும் நினைவில் இருந்திருக்கிறது. அந்த ஆண்டே அவர்கள் விமானங்களில் சுறா வாய் வந்துவிட்டது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் மூக்கில் அது வெறும் படம். டோமஹாக்கில் அந்தத் தாடைத் திறப்பே வாயாகிவிட்டது. என்னைக் கேட்டால், வரைந்தவர்கள் அந்த வாயைக் கண்டுபிடிக்கவில்லை, அங்கே ஏற்கெனவே இருந்ததற்குப் பல் மட்டும் வைத்தார்கள்.

112-இல் பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் இல்லை, ஆஸ்திரேலியர், போலந்துக்காரர் என்று பலரும் இருந்தார்கள். 1942 ஜனவரியில் அதன் தலைமைக்கு வந்த கிளைவ் கால்ட்வெல் ஆஸ்திரேலியர். அந்தப் போரில் அதிக விமானங்களை வீழ்த்திய ஆஸ்திரேலிய விமானி அவர்தான்.

சரி, இனி பர்மா.

கிளேர் லீ சென்னால்ட். அமெரிக்க ராணுவ விமானப் படையில் கேப்டனாக இருந்து 1937-இல் ஓய்வு பெற்றவர். காது சரியாகக் கேட்காது. மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாதவர். நேராகச் சீனாவுக்குப் போய், அந்நாட்டுத் தலைவர் சியாங் கை ஷேக்கின் விமானப்படை ஆலோசகர் ஆனார். ஜப்பான் சீன நகரங்களின் மேல் நினைத்தபோதெல்லாம் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிரிட்டனுக்குப் போக இருந்த நூறு டோமஹாக்குகளைச் சீனாவுக்குத் திருப்பிவிட ஏற்பாடானது. நியூயார்க் துறைமுகத்தில் ஏற்றும்போதே ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது, 99 ரங்கூன் வந்து சேர்ந்தன. இந்தப் பச்சை பழுப்பு நிறம் ஏன் பிரிட்டிஷ் பாணியில் இருக்கிறது என்பதற்குப் பதில் இதுதான். அவர்களுக்காக அடித்த பெயிண்ட் அப்படியே வந்துவிட்டது.

ஓட்டுவதற்கு அமெரிக்கப் படைகளிலிருந்து ராஜினாமா செய்துவிட்டு வந்தவர்களைச் சேர்த்தார்கள். சாதாரண விமானிக்கு மாதம் 600 டாலர், ஸ்குவாட்ரன் தலைவருக்கு 750. வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் தனி. 1941 வாக்கில் இது பெரிய பணம். இதனால் அவர்களைக் கூலிப்படை என்று சிலர் சொல்வார்கள். பணத்துக்காக வந்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் பணத்துக்காக மட்டும் ஒருவன் அந்த 1942 பர்மாவில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பயிற்சி நடந்தது ரங்கூனுக்கு வடக்கே டாங்கூவில். மழை, கொசு, புழுக்கம். அங்கேதான் படம் வந்து சேர்கிறது. 112-ஆவது ஸ்குவாட்ரனின் டோமஹாக் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்திருக்கிறார்கள். யார் முதலில் பார்த்தது என்பதில் இரண்டு பெயர் சொல்வார்கள். ஒருவர் சார்லஸ் பாண்ட். அவர் பார்த்தது இந்தியாவில் அச்சான ஒரு வாரப் பத்திரிகையில் என்று சொல்லப்படுகிறது. இன்னொருவர் எரிக் ஷில்லிங். தங்கள் ஸ்குவாட்ரனுக்கு மட்டும் வரைந்துகொள்ள அனுமதி கேட்டதாகவும், சென்னால்ட் எல்லா விமானத்துக்கும் அதையே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டதாகவும் ஷில்லிங் தரப்புக் கதை.

ஜெர்மனியிடமிருந்து பிரிட்டன், பிரிட்டனிடமிருந்து சீனாவுக்காகச் சண்டை போட வந்த அமெரிக்கர்கள். நடுவில் இந்தியாவில் அச்சான ஒரு பக்கமும் இருந்திருக்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வரைந்த விதம்தான் முக்கியம். அச்சு எதுவும் கிடையாது. சாக்பீஸால் விமானத்தின் மூக்கில் கோடு போட்டு, உள்ளே பெயிண்ட் அடித்தார்கள். ஆளுக்கு ஆள் கை மாறும். ஒரு விமானத்தில் பல் நீளமாக இருக்கும், இன்னொன்றில் குட்டையாக. ஒன்றில் வாய் சிரிப்பது போல, ஒன்றில் உறுமுவது போல. பழைய புகைப்படங்களைப் பார்க்கிறவர்கள் பல்லின் வடிவத்தை வைத்தே இது எந்த விமானம் என்று கண்டுபிடிக்கிறார்கள், கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்வது போல. இப்போது புரிகிறதா நான் ஏன் ஸ்டிக்கரை ஒட்டவில்லை என்று?

சுறா வாய் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் மூன்று ஸ்குவாட்ரனும் தனித்தனி அடையாளம் வைத்துக்கொண்டன. முதல் ஸ்குவாட்ரனுக்கு ஆதாமும் ஏவாளும், மூன்றாவதுக்குச் சிவப்பு நிறத்தில் தேவதைப் பெண்கள். இரண்டாவதுக்குப் பாண்டா கரடி. இந்தப் பாண்டாக்களை வரைந்தவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்த வீடியோவை முடிக்க மாட்டேன்.

அவர் பெயர் பெர்ட் கிறிஸ்ட்மன். கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸ் ஊர்க்காரர், 1915-இல் பிறந்தவர். தொழிலே சித்திரக்கதை வரைவது. நியூயார்க்கில் செய்தித்தாள்களுக்கு ஒரு விமானியைக் கதாநாயகனாக வைத்துத் தினமும் படக்கதை வரைந்துகொண்டிருந்தார். பேர் வாங்கிய வேலை. அதை விட்டுவிட்டு, கற்பனையில் வரைந்ததை நிஜத்தில் செய்ய வேண்டும் என்று கடற்படையில் சேர்ந்து விமானியானார். அங்கிருந்து பர்மா. டாங்கூவில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பாண்டா வரைந்து கொடுத்தார்.

இதை நினைத்துப் பார்க்கிறேன். வெயிலில் காய்ந்த அலுமினியத் தகட்டின் மேல், கையில் கிடைத்த பெயிண்டை வைத்துக்கொண்டு, பத்திரிகையில் லட்சம் பேர் பார்க்கும் படம் வரைந்த ஒருவர் உட்கார்ந்து நண்பர்களுக்காகப் பாண்டா வரைகிறார். அதில் பல விமானங்கள் சில மாதம்கூடத் தாங்கவில்லை.

1942 ஜனவரி தொடக்கத்தில் ரங்கூன் பக்கத்தில் அவர் விமானம் அடிபட்டு, பாராசூட்டில் குதித்துத் தப்பினார். ஜனவரி 23 அன்று மறுபடி அடிபட்டது, மறுபடி குதித்தார். இந்த முறை பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 26. ஃபோர்ட் காலின்ஸ் விமானத் திடலுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ரங்கூன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்றும், கிறிஸ்துமஸ் அன்றும் ஜப்பான் ரங்கூனின் மேல் குண்டு போட்டது. இந்தச் சுறா வாய் விமானங்களும் பிரிட்டிஷாரின் பஃபலோ என்ற வகைப் போர் விமானங்களும் எதிர்த்துப் பறந்தன. அப்போதைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள், 1931 கணக்கெடுப்பே அப்படித்தான் சொல்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கர், தமிழர், வங்காளிகள், வட்டித் தொழில் செய்த நகரத்தார். முதல் நாள் குண்டுவீச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தவர்கள் அதில் நிறைய. அதற்குப் பிறகுதான் லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தா பாட்டி கதை இருந்தால், அவர்கள் தலைக்கு மேல் பறந்தவற்றில் இந்த வாயும் இருந்திருக்கும்.

சண்டை எப்படிப் போட்டார்கள்? ஜப்பானின் கி-27, கி-43 இரண்டும் இலேசானவை, கண் இமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும். அவற்றோடு வட்டமடித்தால் டோமஹாக் தீர்ந்தது. ஆனால் டோமஹாக் கனம். விமானி முதுகுக்குப் பின்னால் இரும்புக் கவசம், குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்க், மூக்கில் இரண்டு கனரகத் துப்பாக்கி, இறக்கையில் நான்கு சிறியவை. மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தால் துரத்திப் பிடிக்க முடியாது. சென்னால்ட் திரும்பத் திரும்பப் பாடம் எடுத்தது இதைத்தான்: ஜோடியாகப் போ, உயரத்திலிருந்து பாய், சுடு, அதே வேகத்தில் ஓடிவிடு, கூடவே சுற்றாதே. சீனாவில் அவர் ஏற்பாடு செய்திருந்த எச்சரிக்கை வலை இன்னொரு பெரிய பலம். கிராமம் கிராமமாக ஆட்கள், விமானச் சத்தம் கேட்டதும் டெலிபோனிலும் ரேடியோவிலும் தகவல். அந்தத் தகவலை நம்பித்தான் டிசம்பர் 20 அன்று, ஹனோயிலிருந்து துணை விமானம் இல்லாமல் சீனாவின் குன்மிங் நகருக்கு வந்த குண்டுவீச்சு விமானங்களை வழிமறித்தார்கள். அதுதான் அவர்களின் முதல் சண்டை.

இவர்கள் ஜீரோ விமானங்களோடு சண்டை போட்டதாக நிறைய இடங்களில் எழுதியிருக்கும். ஜீரோ ஜப்பான் கடற்படையுடையது. இவர்கள் மோதியது ஜப்பான் ராணுவத்தின் விமானங்களோடு. தூரத்திலிருந்து பார்த்தால் கி-43 ஜீரோ போலவே இருக்கும், அதில் வந்த குழப்பம். இன்னொன்று, எண்ணிக்கை. 1942 ஜூலை 4 அன்று அந்தப் படை கலைக்கப்பட்டபோது அவர்கள் கணக்கில் 297 விமானங்கள். பிற்காலத்தில் ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 115 போல வரும் என்கிறார்கள். வேகத்தில், பயத்தில், ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டுவிட்டு மூன்று பேரும் எழுதியிருப்பார்கள். எல்லா நாட்டு விமானப்படையிலும் நடந்ததுதான். என் கண்ணுக்கு 115-ஏ பெரிதாகத்தான் தெரிகிறது.

தலைப்பில் சொன்ன புலிக்கு வருகிறேன். சென்னால்ட்டின் இந்தப் படைக்கு வந்த பறக்கும் புலிகள் என்ற பெயர் போர்க்களத்தில் பிறக்கவில்லை. வாஷிங்டனில் சீனாவுக்காக ஆயுதம் வாங்கித் தரும் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. டிஸ்னி ஸ்டுடியோ ஓவியர்கள் வெற்றியைக் குறிக்கும் வி எழுத்துக்குள்ளிருந்து சிறகு முளைத்த வங்கப் புலி பாய்வது போலச் சின்னம் வரைந்து கொடுத்தார்கள். சீனத்திலும் ஃபெய் ஹு, அதே பறக்கும் புலி. சுறா வரைந்த விமானங்களுக்கு எப்படிப் புலி என்று பெயர் வந்தது என்று சென்னால்ட்டே தன் நினைவுகளில் வியந்திருக்கிறார். இதோ, அந்தப் புலி இங்கே பக்கவாட்டில், நகத்தளவுக்கு. வாய் எவ்வளவு பெரிது பாருங்கள்.

படை கலைந்ததும் அதன் இடத்துக்கு அமெரிக்க ராணுவத்தின் 23-ஆவது போர் விமானக் குழு வந்தது. பல்லையும் எடுத்துக்கொண்டது. அதன் வழிவந்தவர்கள் இன்று ஜார்ஜியா மாநிலத்து மூடி விமானத் தளத்தில் ஏ-10 விமானம் ஓட்டுகிறார்கள், மூக்கில் அதே வாய்.

நம் பக்கத்திலும் இந்த மூக்குகள் வந்தன. அஸ்ஸாமின் நாகாகுலியில், சீனாவுக்கு இமயமலைக்கு மேல் சரக்கு கொண்டுபோன விமானங்களைக் காத்த 80-ஆவது குழு, தன் பி-40-களின் மூக்கு முழுக்க வெள்ளை மண்டை ஓடு வரைந்தது. சுறாவைவிட அது பயங்கரம். அடுத்த மாடலுக்கு அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் பெங்களூரு. டோமஹாக்குகளின் பாகங்களை ரங்கூனில் இணைத்துக் கொடுத்த கம்பெனியை நடத்திய வில்லியம் பாலிதான், வால்சந்த் ஹிராசந்தோடு சேர்ந்து 1940-இல் அங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்க உதவியவர். 1942-இல் அங்கே பாகங்களை இணைத்துப் பறக்கவிட்ட விமானங்களில் கர்டிஸ் ஹாக்கும் உண்டு. முதலில் சொன்னேனே, மொத்தை மூக்கு பி-36, இதன் அண்ணன், அதே வகைதான். கர்டிஸ் கடைசியாக 1944 நவம்பர் வரை மொத்தம் 13,738 பி-40 செய்தது.

சரி, தூரிகையை எடுக்கிறேன். வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டாயிற்று. முதலில் சிவப்பு, அது காய்ந்ததும் பல்லுக்கு வெள்ளை, கடைசியில் ஓரத்துக்குக் கறுப்பு. கை நடுங்காமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள், மூச்சைப் பாதியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

... இது இரண்டு மணி நேரம் கழித்து. கேமராவை இடையில் நிறுத்திவிட்டேன். இடது பக்கம் பத்துப் பல் வந்திருக்கிறது, வலது பக்கம் பதினொன்று. அப்படியே விட்டுவிடப் போகிறேன். இது இரண்டாவது ஸ்குவாட்ரன் விமானம், அதனால் காக்பிட்டுக்குக் கீழே ஒரு இடம் காலியாக வைத்திருக்கிறேன். நாளைக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும்போது அங்கே ஒரு பாண்டா வரைய வேண்டும்.